கெட்டி போல்ட்

எல்மா டிராக்டரைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். பனியை வாரி இறைக்கும் இயந்திரம் வண்டியின் பின்புறம் மாட்டியிருந்ததால், ரிவர்ஸ் கியரில், கழுத்தை முறுக்கித் திரும்பிப் பார்த்தபடிதான் போக முடியும். எங்கள் மேட்டில் ஐம்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் வலப்பக்கக் கழுத்து பிடித்திருக்கிறது என்பார்கள். டாக்டரும் மருந்து எழுதுவதற்கு முன்னால், உங்கள் வீட்டுப் பாதை எவ்வளவு நீளம் என்றுதான் கேட்பார்.

இந்த வீட்டுப் பாதை கால் மைல். இரண்டு நாளாக ஏரிக் காற்று விடாமல் பனியைக் கொட்டியதில் பனி இடுப்பளவுக்கு நின்றது. காலை எட்டு மணிக்கு அவள் புருஷன் வைனோதான் வண்டியை எடுத்தான். பாதிப் பாதையைத் திறந்தவன் ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவன் பூட்ஸோடு அந்தத் தரையை மிதித்ததில்லை. எல்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"மூச்சு வாங்குது, அவ்வளவுதான்" என்றான்.

"கை வலிக்குதா?"

"எந்தக் கை வலிக்கல? எழுவத்தொண்ணு ஆச்சுல்ல."

அவள் ஒரு ஆஸ்பிரினை அவன் வாயில் திணித்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண் நிதானமாகக் கேட்டாள். "சாலை வரைக்கும் வந்துடுவோம். நாப்பது நிமிஷம் ஆகும். உங்க வீட்டுப் பாதை திறந்திருக்கா?"

"நீங்க வர்றதுக்குள்ள திறந்திருக்கும்" என்றாள் எல்மா.

அடுத்து ரூடியின் எண்ணைச் சுழற்றத் தொடங்கியபோது வைனோ கையைத் தூக்கினான்.

"ரூடியக் கூப்பிடாத."

"வைனோ, அவன்கிட்ட பெரிய வண்டி இருக்கு. பத்து நிமிஷத்துல வந்து மிச்சத்தத் திறந்துடுவான்."

"கூப்பிடாதன்னு சொல்றேன்ல."

ரூடி அவனுடைய சொந்தத் தம்பி. அடுத்த பண்ணை. ஆறு வருடமாக இந்த வீட்டு வாசலை மிதிக்காதவன். காரணம் ஒரு போல்ட் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்; எங்கள் மேட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பனி இறைக்கும் இயந்திரத்தில் சுருள் சுருளாக ஒரு பெரிய அலகு சுற்றும். அதன் தண்டில் விரல் தடிமனில் ஒரு மெத்தென்ற இரும்புப் பின் சொருகியிருக்கும். உடைவதுதான் அதன் வேலை. அலகு கல்லையோ ஐஸ் பாறையையோ கடித்தால் பின் பட்டென்று உடையும், அலகு நின்றுவிடும், மற்றதெல்லாம் பிழைத்துக்கொள்ளும். இறங்கி, உடைந்த துண்டைத் தட்டி எடுத்துவிட்டு, புதுப் பின்னைச் சொருகி, நட்டை முடுக்க வேண்டும். கையுறையோடு அந்த நட்டைப் பிடிக்க முடியாது. வெறும் விரலால்தான் செய்ய வேண்டும். ஒரே காலையில் நாலு தடவை பின் உடைந்தால், இந்த இடத்தில் ஒரு கெட்டி போல்ட்டை முடுக்கிவிட்டால் என்ன என்று எந்த மனிதனுக்கும் தோன்றும். போல்ட் உடையாது. அதற்குப் பதிலாக கியர்பாக்ஸ் உடையும்.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில் ரூடிக்கு அப்படித் தோன்றியது. அவன் கியர்பாக்ஸ் இரண்டாகப் பிளந்தது. அதோடு முடிந்திருக்கும், வைனோ அண்ணனாக இல்லாமல் இருந்திருந்தால். வைனோ தம்பிக்கு 'கெட்டி போல்ட்' என்று பேர் வைத்தான். சர்ச்சில் காப்பி குடிக்கும்போது சொன்னான். ரூடி மகளின் கல்யாணத்தில் எழுந்து நின்று சொன்னான். சனிக்கிழமை தவறாமல் எல்லாரும் சேர்ந்து உட்காரும் சௌனா என்ற நீராவிக் குளியலறையில், அந்த ஆவியிலும் வெக்கையிலும் சொன்னான். ஆறு வருடத்துக்கு முன்னால் அதே சௌனாவில் ரூடியின் பேரன், "தாத்தா, உங்கள ஏன் கெட்டி போல்ட்னு கூப்பிடுறாங்க?" என்று கேட்டான். ரூடி துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு வரவேயில்லை.

வைனோ கூப்பிடாதே என்றது அந்த வீம்பில்தான் என்று எல்மா நினைத்தாள். இந்த நேரத்தில் அவனோடு சண்டை போட்டு மூச்சை இன்னும் வாங்க வைக்க வேண்டாம் என்று போனை வைத்துவிட்டாள். நாற்காலியோடு அவனை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"திரைச்சீலையப் பிடிச்சுக்கோ. கைய எடுக்காத. நான் அங்கேருந்து பாத்துக்கிட்டே இருப்பேன்."

"என்னைப் பாக்காத. பின்னால பாத்து ஓட்டு" என்றான் வைனோ.

இப்போது அவள் பின்னால் பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். வைக்கோல் காலத்தில் இந்த வண்டியை அவள் நூறு தடவை ஓட்டியிருக்கிறாள். பனியில் ஓட்டியது குறைவு. பாதையின் இரு ஓரத்திலும் வைனோ அக்டோபரில் நட்ட ஆரஞ்சுக் கம்புகள் தலை மட்டும் தெரிந்தன. சில இடத்தில் தலையும் தெரியவில்லை. அலகு வாரியெடுத்த பனி குழாய் வழியாகப் பீறிட்டு வயலில் விழுந்தது. காற்று அதில் பாதியை அவள் முகத்துக்கே திருப்பி அனுப்பியது. கடவுளே, முப்பது நிமிஷம் கொடு, போதும் என்று சொல்லிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் இருபது கொடு என்றாள்.

பின்னோக்கிப் போவதால் வண்டியின் முகம் வீட்டைப் பார்த்திருந்தது. கழுத்தைத் தளர்த்தினால் போதும், சமையலறை ஜன்னல் தெரியும். மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் திரைச்சீலை ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. நாலாவது தடவை பார்த்தபோது பனித்தூள் மறைத்தது. ஜன்னல் இருந்தது, திரைச்சீலை இழுபட்டிருக்கிறதா என்று தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பார்த்தாள்.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் வெடித்தது போல ஒரு சத்தம். அலகு நின்றுவிட்டது.

சாலைக்கு அறுபது அடி இருந்தது. மின்கம்பமும் தபால் பெட்டியின் மண்டையும் தெரிந்தன. அவள் குதித்து இறங்கினாள். இயந்திரம் பாதையை விட்டு விலகி, ஓரத்துப் பள்ளத்தில் கிடந்த பாறையைக் கடித்திருந்தது. பின்தானே, பத்து நிமிஷ வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சீட்டுக்கு அடியில் இருந்த தகர டப்பாவில் எட்டுப் புதுப் பின் இருந்தது. சுத்தியலை எடுத்துக்கொண்டு, முழங்காலிட்டு, தண்டில் அப்பியிருந்த பனியைக் கையால் துடைத்தாள்.

பின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட் இருந்தது. அதன் தலையில் ஆறு கோடு போட்டிருந்தது. ஆறு கோடு என்றால் இருப்பதிலேயே கெட்டி. அதற்குக் கீறல்கூட விழவில்லை. பக்கத்தில் கியர்பாக்ஸ் நெடுக விரிசல் விட்டு, கறுப்பு எண்ணெய் பனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

எவன் செய்த வேலை இது என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. யாரையோ திட்டக்கூடச் செய்தாள். இந்த இயந்திரத்தை வைனோவைத் தவிர யாரும் தொடுவதில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இலையுதிர் காலத்திலிருந்து அவள்தான் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள். விரல் மரத்துப்போகிறது, குளிர் என்று அவன் சொன்னான். வீட்டுக்குள் அடுப்பெரியும்போதும் அதையே சொன்னான். காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான். இத்தனைக்கும் போன மாதம் சர்ச்சில், இந்த வருஷம் ஒரு பின்கூட உடையவில்லை, அப்படி ஓட்டுகிறேன் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டான். அவளும் பக்கத்தில் நின்று பெருமையாகச் சிரித்தாள். அந்தச் சின்ன நட்டைப் பிடிக்க அவன் விரலால் முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் கெட்டி போல்ட்டை முடுக்கிவிட்டிருக்கிறான். ரூடி வந்தால் பார்த்துவிடுவான். அதனால்தான் ரூடியைக் கூப்பிடாதே என்றான்.

அந்தப் பனியில் முழங்காலிட்டபடி எல்மா தன் புருஷனை மனசார வெறுத்தாள். உயிர் போகிற நேரத்தில் உனக்கு மானம் கேட்கிறதா என்று வாய்விட்டே சொன்னாள். காற்றில் அது அவள் காதுக்கே கேட்கவில்லை. பிறகு எழுந்து, அவள் திறந்த பாதையிலேயே வீட்டை நோக்கி ஓடினாள். அறுபத்தெட்டு வயதுக்கு அது ஓட்டம்தான்.

திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. வைனோவின் கை மடியில் கிடந்தது. கண் மட்டும் அவளைப் பார்த்துத் திரும்பியது.

"சத்தம் நின்னு போச்சு" என்றான்.

"கல்லு."

"என்ன ஆச்சு?"

எல்மா அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது. அவன் முகத்தில் இருந்த பயம் சாவைப் பற்றியது மட்டுமில்லை என்று அவளுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் இருந்த வெறுப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"பின் உடைஞ்சிருச்சு" என்றாள்.

வைனோ அவளையே பார்த்தான். அடுப்பில் கட்டை ஒன்று சரிந்து விழுந்தது.

"பின்னா?"

"பின்தான். வேற என்ன உடையும்? மாத்திட்டுப் போறேன்."

அங்கே பின் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதும் தெரியும். கடைசியில், "டப்பாவுல எட்டு இருக்கு" என்றான்.

"பாத்தேன்."

"குளிர்ல விரல் பத்திரம்."

அவள் எழுந்து போனை எடுத்தாள். இந்தத் தடவை அவன் கையைத் தூக்கவில்லை.

"ரூடி, எல்மா பேசுறேன். வைனோவுக்கு முடியல. சாலைப் பக்கத்துலேருந்து திறந்துக்கிட்டு வா."

"வரேன்" என்றான் ரூடி. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்து வைனோவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தது அவள் கன்னம்தான். அவன் கையில் இன்னும் சூடு இருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் அடுத்தது வருமா என்று அவள் காத்திருந்தாள். சாலைப் பக்கம் ஒரு பெரிய வண்டி உறுமுவது கேட்டபோது, "கேக்குதா வைனோ, வந்துட்டான்" என்றாள். அவன் கேட்டானா தெரியாது. அந்தச் சத்தம் வீட்டை நெருங்குவதற்குள் அடுத்த மூச்சு வரவில்லை.

அந்த அறுபது அடியைத் திறக்க ரூடிக்கு ஆறு நிமிஷம்தான் ஆனது. நடுப் பாதையில் நின்ற அண்ணனின் வண்டியைச் சுற்றி வளைத்துக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் வைனோவைத் தரையில் கிடத்தி, சட்டையை இழுத்துக் கிழித்தார்கள். காலையில் அவள் போட்டுவிட்ட பொத்தான்கள் மேசைக்கு அடியில் உருண்டன. இருபது நிமிஷம் நெஞ்சை அமுக்கினார்கள். அப்புறம் அவர்களில் ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னாள்.

ரூடி கதவுக்கு உள்ளே வரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிப்படியிலேயே நின்றிருந்தான். அண்ணனை வண்டியில் ஏற்றிய பிறகுதான் பேசினான்.

"எப்பலேருந்து முடியாம இருந்தான், அண்ணி?"

"ஒன்பது மணிலேருந்து."

"நீங்க கூப்பிட்டப்ப ஒன்பதரை ஆயிடுச்சு."

எல்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்பதுக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்த ரூடி நிறுத்திக்கொண்டான். "அவனுக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கட்டும். நீங்களாவது கூப்பிட்டிருக்கலாம். நான் வராமலா இருந்துடுவேன்?"

அவன்தான் வேண்டாமென்றான் என்று சொன்னால், சாகும்போதும் அண்ணனுக்கு என் மேல் வெறுப்பு என்று ரூடி ஆயுசுக்கும் நினைப்பான். ஏன் வேண்டாமென்றான் என்று சொன்னால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வைனோவைப் பற்றி ஊரே சிரிக்கும். சவப்பெட்டியை வைத்துக்கொண்டே சிரிப்பார்கள். வைனோவாக இருந்தால் அவனும் அப்படித்தான் சிரித்திருப்பான். எல்மா வாயைத் திறக்கவில்லை. அந்தப் பழியை அவள் தானே ஏற்றுக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில ஆளுங்களக் கூட்டிட்டு வந்து வண்டிய இழுத்துடுறேன்" என்றான் ரூடி. "கியர்பாக்ஸா?"

"எனக்கென்ன தெரியும்?"

மறுநாள் வெளிச்சம் வந்ததும் எல்மா ஸ்பானரையும் சுத்தியலையும் ஒரு புதுப் பின்னையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். பனி கொட்டுவது நின்றிருந்தது. குளிர் பூஜ்யத்துக்கு வெகு கீழே இருந்தது. போல்ட் குளிரில் தண்டோடு இறுகியிருந்தது. கையுறையோடு முயன்று பார்த்தாள், நடக்கவில்லை. கையுறையைக் கழற்றினாள். குளிர்ந்த இரும்பில் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்தது. எந்த விரலால் பிடிக்கிறோம் என்றே தெரியாமல் போனது. இப்படித்தானே அவனுக்கும் இருந்திருக்கும், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே இறங்கி மாற்றியிருப்பேனே என்று அழுதுகொண்டே அடித்தாள். ஒரு மணி நேரத்தில் போல்ட் கழன்று விழுந்தது.

அதைத் தூக்கி வயலில் எறிந்தாள். அப்புறம் ஏப்ரலில் பனி உருகினால் அது அங்கேயே மல்லாந்து கிடக்கும் என்று தோன்றியது. இடுப்பளவுப் பனியில் இறங்கி, எறிந்த திசையில் கையை விட்டுத் துழாவி, பத்து நிமிஷம் தேடி எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டாள். புதுப் பின்னைச் சொருகி நட்டை முடுக்கி முடித்தபோது சாலையில் ரூடியின் வண்டி திரும்பியது.

மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே ரூடி சங்கிலியோடு இறங்கினான். கியர்பாக்ஸ் விரிசலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். குனிந்து தண்டைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

பின் மஞ்சளாகப் பளபளத்தது. கடையிலிருந்து வந்த மினுக்குக்கூடப் போகவில்லை. கியர்பாக்ஸ் பிளக்கும் அளவுக்குக் கல்லைக் கடித்த இயந்திரத்தில் மெத்துப் பின் ஒரு கீறல் இல்லாமல் நிற்காது. அது இந்த மேட்டில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் ரூடிக்குத் தெரியும். ஒரே விநாடியில் தான் செய்த தவறு எல்மாவுக்கும் உறைத்தது. உடைந்த பின்னைப் போட்டிருந்தால் கியர்பாக்ஸ் ஏன் பிளந்தது என்று கேட்பார்கள்; முழுப் பின்னைப் போட்டால் அது ஏன் உடையவில்லை என்று கேட்பார்கள்.

ரூடி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான். எல்மா அதைப் பைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அவன்தான் கூப்பிட வேணாம்னு சொன்னானா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று எல்மா தலையை ஆட்டினாள்.

ரூடி கொஞ்ச நேரம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாலையில் இன்னொரு வண்டியின் சத்தம் கேட்டது. அவன் கையுறையைக் கழற்றினான். விரிசலுக்குள் விரலை விட்டு, கெட்டியாக உறைந்திருந்த கறுப்பு எண்ணெயைத் தோண்டியெடுத்து, பின்னின் தலையிலும் நட்டிலும் சுற்றிலும் அழுத்திப் பூசினான். சுத்தியலை எடுத்து ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினான். மறுபடியும் எண்ணெயை அப்பினான்.

வந்தவர்கள் மூன்று பேர். தொப்பியைக் கழற்றி எல்மாவின் கையைப் பிடித்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். அப்புறம் ஆண்கள் செய்வதைப் போல உடைந்த இரும்பைச் சுற்றி நின்றார்கள்.

"என்ன ரூடி, கியர்பாக்ஸே போயிருக்கு?" என்றான் அவர்களில் மூத்தவனான ஹெய்மர். "தண்டப் பாத்தியா? கெட்டி போல்ட் கிட்டி போல்ட் ஏதாவது..."

"பின்தான் இருக்கு. வந்து பாரு" என்றான் ரூடி. "பழைய வார்ப்பிரும்பு, குளிர்ல விட்டுருச்சு. என் அண்ணன் என்ன என்னை மாதிரி மடையனா?"

ஹெய்மர் குனிந்து பார்த்தான். ஆமாம், பின்தான் என்றான். மற்ற இருவரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

வண்டியை இழுத்துக் கொட்டகையில் விட்ட பிறகு எல்மா எல்லாரையும் காப்பிக்குக் கூப்பிட்டாள். மூன்று பேரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ரூடி படியில் தயங்கினான். பிறகு அவனும் பூட்ஸைக் கழற்றி, மற்றவர்களுடையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். எல்மா ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்தாள். தட்டை எடுக்கக் கை நீட்டியவன் தன் விரல்களைப் பார்த்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். ஐந்து விரலும் கறுத்திருந்தன.

"சோப்பு இருக்கு" என்றாள் எல்மா.

"போவாது, அண்ணி" என்றான் ரூடி. "இருக்கட்டும்."